ஜெர்மனியில் சிகரெட் மெஷினிடம் வயதைக் காட்டுவது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கு

டோர்ட்முண்டில் நான் முதலில் தங்கியிருந்த தெருமுனையில், ஒரு வீட்டுச் சுவரில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று மாட்டியிருக்கும். சிகரெட் மெஷின். வந்து மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை இரவு, நவம்பர் மாதத் தூறல். பக்கத்தில் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. பத்து யூரோ நோட்டை மெஷினில் நீட்டினேன், வாங்கவே இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த டெபிட் கார்டைச் செருகினேன். சின்னத் திரையில் ஒரு ஜெர்மன் வரி ஓடியது, கார்டு வெளியே வந்துவிட்டது. திருப்பிச் செருகினேன், துடைத்துச் செருகினேன். அதே வரி.

பின்னால் நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பேசினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆனவர். "தம்பி, உந்த மெஷின் இப்ப காசு கேக்கேல்லை, வயசைக் கேக்குது. இந்தியா பாங்க் காட் போட்டா அதுக்கு ஒண்டும் விளங்காது. இஞ்சத்த பாங்க் காட் எடுங்கோ."

அந்த அண்ணை ஒரே வரியில் சொன்னதைச் செய்து முடிக்க எனக்கு ஒன்பது வாரம் ஆனது. மூன்று வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. எங்கெங்கே நேரம் போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்கு அது போகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே இது உதவும். ஜெர்மனியின் இளையோர் பாதுகாப்புச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சிகரெட் விற்கக் கூடாது என்கிறது. மின்சிகரெட்டுக்கும் அதுதான். அவர்கள் எடுக்க முடியாதபடி தொழில்நுட்பத் தடையோ ஆள் கண்காணிப்போ இருந்தால்தான் மெஷினை வைக்கவே அனுமதி. தெருவில் ஆள் நிற்க முடியாது; அதனால் ஒவ்வொரு மெஷினும் வயதைக் கேட்கிறது.

1. மெஷின் எந்த அட்டையை ஏற்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

"வயது அட்டைக்கு எங்கே விண்ணப்பிப்பது?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் தேடினேன். ஜப்பானில் 2008 முதல் டாஸ்போ என்று இதற்கென்றே தனி அட்டை கொடுத்தார்கள். ஜெர்மனியில் அப்படி எதுவும் கிடையாது. இங்கே வங்கி தரும் ஜிரோகார்டுதான் வயது அட்டையும். பழைய பழக்கத்தில் ஜெர்மானியர்கள் அதை ஏட்ஸே-கார்ட்டே என்பார்கள், நம்மவர்கள் ஈசி கார்டு என்பார்கள். எல்லாம் ஒன்றுதான்.

அந்த அட்டையின் சிப்புக்குள் யூகெண்ட்ஷுட்ஸ்மெர்க்மால் என்று ஒரு குறிப்பு இருக்கும். இளையோர் பாதுகாப்புக் குறி என்று அர்த்தம். கணக்குத் திறக்கும்போது வங்கி உங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பிறந்த தேதியை உறுதி செய்திருக்கிறது அல்லவா, அந்த நம்பிக்கையில் பதியப்படுவது அது. இவருக்கு 18 ஆகிவிட்டதா என்று மெஷின் கேட்கும், சிப் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும், அவ்வளவுதான். வயதைச் சோதிப்பதற்காக உங்கள் கணக்கிலிருந்து ஒரு காசும் போகாது.

பல மெஷின்களில் ஜெர்மன் குடிமக்களின் அடையாள அட்டையும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தரும் அட்டை வடிவ ஓட்டுநர் உரிமமும் செல்லும். எதெது செல்லும் என்று மெஷினின் முகப்பிலேயே படம் போட்டிருக்கும். நமக்கு முதலாவது கிடையாது. இரண்டாவதற்கு வருடக்கணக்கில் ஆகலாம். இந்திய உரிமத்தை வைத்து இங்கே குடியேறிய முதல் ஆறு மாதம் வண்டி ஓட்டலாம். அதற்குப் பிறகு எழுத்துத் தேர்விலும் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்விலும் தேறித்தான் ஜெர்மன் உரிமம் வாங்க முடியும். சிகரெட்டுக்காக யாரும் அந்த வழியில் போக மாட்டார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட், ஆதார், பான், ஊர் வங்கியின் விசா கார்டு எதுவும் வேண்டாம், முயற்சியே செய்யாதீர்கள். எங்கள் தெரு மெஷின் என் வதிவிட அனுமதி அட்டையையும் ஏற்கவில்லை.

ஆகவே வழி ஒன்றுதான்: வீட்டு முகவரியைப் பதிவு செய்வது, வங்கிக் கணக்கு, ஜிரோகார்டு. இந்த வரிசை மாறினால் நாட்கள் வீணாகும்.

2. முகவரியைப் பதிவு செய்யுங்கள்

வீட்டில் குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். இதற்கு ஆன்மெல்டுங் என்று பெயர். அலுவலகத்தை பியூர்கர்ஆம்ட் அல்லது பியூர்கர்ப்யூரோ என்பார்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும். கொண்டுபோக வேண்டியவை:

பாஸ்போர்ட்டின் அசல், அதில் விசா. பூர்த்தி செய்த பதிவுப் படிவம் (நகரத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும்). அப்புறம், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். இந்த மூன்றாவதில்தான் பலரும் மாட்டுகிறார்கள். வாடகை ஒப்பந்தம் கையில் இருந்தாலும் அது போதாது. "இந்த ஆள் இந்தத் தேதியில் இந்த வீட்டுக்கு வந்தார்" என்று வீடு கொடுத்தவர் தனித் தாளில் எழுதித் தர வேண்டும். அதைத் தருவது அவருடைய சட்டக் கடமை, நீங்கள் உதவி கேட்கவில்லை. வேறொருவர் வாடகைக்கு எடுத்த வீட்டில் ஓர் அறையில் தங்கியிருக்கிறீர்கள் என்றால், அறையை உங்களுக்கு விட்டவரே கையெழுத்துப் போடலாம். சாவி வாங்கும் அன்றே இந்தத் தாளையும் கேட்டு வாங்கிவிடுங்கள். என் வீட்டுக்காரர் விடுமுறைக்குப் போய்விட்டார். அந்தத் தாளுக்காக மட்டும் 12 நாள் காத்திருந்தேன்.

பதிவுக்கான நேரத்தை இணையத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும். சிறிய ஊர்களில் ஓரிரு நாளில் கிடைக்கும். பெர்லின், மியூனிக் போன்ற இடங்களில் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்தில் பாருங்கள், யாராவது விலகிய இடம் தென்படும். இரண்டு வாரம் தாண்டிய நேரம்தான் கிடைக்கிறது என்றால், அதை வாங்கிய மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள்.

பதிவு முடிந்ததும் ஓர் உறுதித் தாள் இலவசமாகத் தருவார்கள். வங்கிக்குப் பெரும்பாலும் அதுவே போதும். மெல்டெபெஷைனிகுங் என்ற விரிவான சான்றிதழ் வேறு. அதற்குச் சில யூரோ கட்டணம். வங்கி அதைத்தான் கேட்கிறது என்று தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. "பணம் கொடுங்கள், என் முகவரியில் பதிந்துகொள்ளுங்கள்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். குடியிருக்காத முகவரியில் பதிவது சட்டவிரோதம். அப்படி முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை தண்டம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. வங்கியின் தபாலும் அந்த முகவரிக்குத்தான் போகும் என்பதையும் யோசியுங்கள்.

3. தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள்

இது ஒரு படியா என்று நினைக்காதீர்கள். என் ஒன்பது வாரத்தில் மூன்று வாரம் இதில்தான் போனது.

நம் ஊரில் தபால்காரருக்குக் கதவு எண் போதும். பெயர் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்பார். இங்கே ஒரே கட்டடத்தில் பன்னிரண்டு வீடு இருந்தாலும் முகவரியில் வீட்டு எண் எழுதும் வழக்கம் பொதுவாக இல்லை. தெரு, கட்டட எண், அப்புறம் பெயர். கீழே வரிசையாக இருக்கும் தபால் பெட்டிகளில் அந்தப் பெயர் இருந்தால் கடிதம் உள்ளே விழும். இல்லாவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். யாரும் அழைத்துச் சொல்ல மாட்டார்கள்.

என் பெட்டியில் முந்தைய குடியிருப்பாளரின் பெயர் அழகான பித்தளைத் தகட்டில் இருந்தது. அதைக் கழற்ற எனக்கு உரிமை உண்டா என்று தெரியாமல் விட்டுவிட்டேன். வங்கி அனுப்பிய கார்டு திரும்பிப் போய்விட்டது. நான் அது வரும் வரும் என்று காத்திருந்தேன். கடைசியில் வங்கிக்குப் போய்க் கேட்டபோது, "முகவரியில் ஆள் இல்லை" என்று முத்திரை குத்தித் திரும்பி வந்த உறையை அங்கிருந்தவர் எடுத்துக் காட்டினார். பாதுகாப்புக்காக அந்தக் கார்டை அழித்துவிட்டுப் புதிதாக அச்சடிக்க வேண்டியிருந்தது. ரகசிய எண் கடிதமும் அப்படியே.

குடிவந்த அன்றே ஒரு வெள்ளைத் தாளில் பெயரைத் தெளிவாக எழுதி, மேலே செலோடேப் ஒட்டிப் பெட்டியில் ஒட்டுங்கள். அழைப்பு மணிப் பலகையிலும் ஒட்டுங்கள். தகடு பிறகு வரட்டும். வேறொருவர் வீட்டில் அறை எடுத்திருந்தால், எல்லாப் படிவத்திலும் முகவரியின் இரண்டாவது வரியில் "பை" என்ற ஜெர்மன் சொல்லும் வீட்டுக்காரர் பெயரும் எழுதுங்கள். இன்னார் வீட்டில் என்று அர்த்தம்.

சரி, எந்தப் பெயரை ஒட்டுவது? நமக்கு இதுதான் தனிச் சிக்கல். உங்கள் பெயர் செந்தில், அப்பா பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் மு. செந்தில். பாஸ்போர்ட்டில் சிலருக்குக் குடும்பப்பெயர் இடத்தில் முருகேசன் இருக்கும், சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். குடும்பப்பெயர் இல்லாத மனிதரை இங்கத்திய கணினிப் படிவம் ஏற்காது. அப்படிக் காலியாக இருந்த என் நண்பர் ஒருவருக்கு, நகர அலுவலகத்தில் செந்தில் போன்ற சொந்தப் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டு, முதற்பெயர்க் கட்டத்தில் ஒரு கூட்டல் குறி போட்டார்கள். அவர் வங்கிப் படிவத்தில் அப்பா பெயரைக் குடும்பப்பெயராக எழுதினார். பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் நின்றுவிட்டது.

பதிவுத் தாளில் உங்கள் பெயர் எப்படி விழுந்திருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அதையே வங்கியிலும் எழுதுங்கள். தபால் பெட்டியில் அந்தப் பெயரையும், சந்தேகம் இருந்தால் அதன் கீழே அப்பா பெயரையும் சேர்த்தே ஒட்டுங்கள். இரண்டு பெயர் ஒட்டுவதை யாரும் தடுக்க மாட்டார்கள்.

முகவரி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பதிவு செய்த சில வாரத்தில் மத்திய வரி அலுவலகத்திலிருந்து உங்கள் வரி அடையாள எண், அதாவது ஷ்டாயர் ஐடி, கடிதத்தில் தானாக வரும். அது வந்து சேர்ந்தால் உங்கள் பெட்டி வேலை செய்கிறது. அந்த எண்ணை வங்கியும் கேட்கும். வராமலேயே கணக்குத் திறந்துவிட்டு, வந்ததும் தெரிவிக்கலாம். அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

4. ஜிரோகார்டு தரும் வங்கியைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டாவது பெரிய பொறி இது. புதிதாக வருகிற மாணவர்களில் பாதிப் பேர் இதில் விழுவதைப் பார்க்கிறேன்.

படிக்க வருகிறவர்கள் முடக்கக் கணக்கு ஒன்றில் பணம் போட்டுவிட்டுத்தான் விசா வாங்குகிறார்கள். 2024 செப்டம்பர் முதல் வருடத்துக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 என்ற கணக்கு. அந்தப் பணம் மாதாமாதம் வெளியே வர, இங்கே சாதாரண நடப்புக் கணக்கு ஒன்று வேண்டும். அதற்குப் பெயர் ஜிரோகோன்டோ. அவசரத்தில் எல்லோரும் என்ன செய்கிறார்கள் என்றால், கைபேசியில் பத்து நிமிடத்தில் திறக்கும் செயலி வங்கியில் கணக்குத் திறந்துவிடுகிறார்கள். அது விசா அல்லது மாஸ்டர்கார்டு டெபிட் கார்டு தரும். கணக்கு ஜெர்மன் கணக்குத்தான், பணமும் வரும். ஆனால் அந்தக் கார்டில் வயதுக் குறி கிடையாது. மெஷினுக்கு அது உங்கள் ஊர்க் கார்டு மாதிரிதான்.

அந்தக் கார்டு வேறு இடங்களிலும் கைவிடும். சிறிய ரொட்டிக் கடை, முடி திருத்தும் கடை, சில அலுவலகங்களின் கட்டண இயந்திரம் இவற்றில் "ஜிரோகார்டு மட்டும்" என்று ஒட்டியிருப்பார்கள். ஆகவே இது சிகரெட்டுக்கான செலவு மட்டும் இல்லை. இங்கே வாழ்வதற்குத் தேவையான அட்டை.

கணக்குத் திறப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஜிரோகார்டு கணக்கோடு வருகிறதா, தனியாகக் கேட்க வேண்டுமா? கிளை வைத்திருக்கும் வங்கிகளில் பெரும்பாலும் கணக்கோடு வரும்; மாதக் கணக்குக் கட்டணத்தில் அடங்கிவிடும். இணைய வங்கிகள் சிலவற்றில் விசா டெபிட் இலவசம், ஜிரோகார்டு வேண்டும் என்றால் மாதம் ஒன்றிரண்டு யூரோ தனி. கேட்காவிட்டால் அனுப்ப மாட்டார்கள்.

மாதக் கட்டணம் எவ்வளவு? மாணவர்களுக்கும் குறிப்பிட்ட வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் பல வங்கிகள் கட்டணம் வாங்குவதில்லை. பல்கலைக்கழகச் சேர்க்கைச் சான்றைக் கொண்டுபோங்கள். வேலைக்கு வந்தவர்கள், மாதச் சம்பளம் உள்ளே வந்தால் கட்டணம் தள்ளுபடியா என்று கேளுங்கள்.

சிப்பில் வயதுக் குறி இருக்கிறதா? இதைச் சொல் மாறாமல் கேளுங்கள். கவுன்டரில் இருப்பவருக்கே சில நேரம் தெரியாது, உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருவார். அந்தச் சிரமத்தை அவர் படட்டும். கார்டு கைக்கு வந்தபிறகு மாற்றுவதுதான் பெரிய சிரமம்.

அடையாளத்தை உறுதி செய்வதும் இந்தக் கட்டத்தில்தான் வரும். இணையத்தில் விண்ணப்பித்தால் வீடியோ அழைப்பில் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்வார்கள். என் இந்தியப் பாஸ்போர்ட்டை அந்த முறையில் ஏற்கவில்லை. அரை மணி நேரம் பாஸ்போர்ட்டைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டிய பிறகுதான் அதைச் சொன்னார்கள். அப்படி ஆனால், தபால் அலுவலகத்தில் நேரில் காட்டும் வழியைத் தேர்ந்தெடுங்கள். வங்கி தரும் தாளையும் பாஸ்போர்ட்டையும் கொண்டுபோனால் அஞ்சல் ஊழியர் சரிபார்த்து அனுப்பிவிடுவார். உங்களுக்குக் கட்டணம் இல்லை. என்னைக் கேட்டால், முதல் கணக்கைப் பக்கத்துக் கிளைக்கு நேரில் போய்த் திறப்பதுதான் நல்லது. பாஸ்போர்ட், விசா அல்லது வதிவிட அட்டை, பதிவுத் தாள், மாணவர் சான்று அல்லது வேலை ஒப்பந்தம் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

5. வங்கி மறுத்தால் விட்டுவிடாதீர்கள்

"வருமானம் இல்லை", "கடன் வரலாறு இல்லை", "விசா ஆறு மாதத்துக்குத்தான் இருக்கிறது" என்றெல்லாம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். தலையாட்டிவிட்டு வெளியே வராதீர்கள். 2016 ஜூன் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் யாருக்கும் பாசிஸ்கோன்டோ என்ற அடிப்படைக் கணக்கு கேட்க உரிமை உண்டு. புகலிடம் கோரியவர்கள், நிலையான வீடு இல்லாதவர்கள், நாடு கடத்தல் தள்ளிவைக்கப்பட்டு டுல்டுங் தாளோடு இருப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். ஈழத்திலிருந்து வந்து முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கென்று தனிப் படிவம் உண்டு. அதை எழுத்தில் கொடுங்கள். வாயால் கேட்டால் கணக்கில்லை. முழுமையான விண்ணப்பம் கிடைத்த பத்து வேலை நாளுக்குள் வங்கி ஒப்பந்தம் தர வேண்டும் அல்லது காரணம் சொல்லி எழுத்தில் மறுக்க வேண்டும். மறுத்தால் பாஃபின் என்ற நிதிக் கண்காணிப்பு ஆணையத்துக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. நண்பர் ஒருவர் அந்தப் படிவத்தின் பெயரைச் சொன்ன மாத்திரத்திலேயே கவுன்டரில் பேச்சு மாறியது. இந்தக் கணக்கிலும் கார்டு உண்டு. எந்தக் கார்டு என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

6. கார்டு வரும்வரை

கணக்குத் திறந்தபின் கார்டு ஒரு கடிதத்தில் வரும், ரகசிய எண் சில நாள் தள்ளி வேறொரு கடிதத்தில் வரும். இரண்டும் சேர ஒன்று முதல் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதுச் சோதனைக்கு ரகசிய எண் தேவையில்லை. ஆனால் கார்டிலேயே பணம் கட்ட நினைத்தால் வேண்டியிருக்கும்.

அதுவரை கடையில் வாங்குங்கள். கியோஸ்க், பல்பொருள் அங்காடி, ஞாயிறு என்றால் பெட்ரோல் பங்க் அல்லது பெரிய ரயில் நிலையம். இளமையாகத் தெரிந்தால் அடையாளம் கேட்பார்கள். பாஸ்போர்ட்டின் அசல்தான் காட்ட வேண்டும். கைபேசியில் இருக்கும் படத்தை ஏற்பதில்லை. அங்காடியில் சிகரெட் அலமாரியில் இருக்காது, பணம் கட்டும் இடத்தில் மேலே பூட்டிய தட்டில் இருக்கும்.

விலையைத் தேடி அலைய வேண்டாம். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒட்டிய வரி முத்திரையில் விலை அச்சாகியிருக்கும், கடைக்காரர் அதைக் கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. மெஷினிலும் அதே விதிதான். 20 சிகரெட் கொண்ட பாக்கெட் பெரும்பாலும் 8 யூரோவுக்கு மேல். நம் ஊர்ப் பெட்டிக்கடையில் ஒன்று மட்டும் வாங்குவது போல இங்கே நடக்காது. 20க்குக் குறைந்த பாக்கெட்டே விற்கக் கூடாது. ஊரிலிருந்து விமானத்தில் கொண்டுவருவதாக இருந்தால் ஒருவருக்கு 200 சிகரெட் வரைதான் வரியில்லை. அதற்கு மேல் இருந்தால் சுங்கத்தில் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

இந்தக் காத்திருப்பில் விட்டுவிடலாம் என்று தோன்றினால், அதற்கும் இங்கே அரசின் இலவசத் தொலைபேசி ஆலோசனை இருக்கிறது: 0800 8 31 31 31. எங்கள் வகுப்புத் தோழர் ஒருவர் அப்படித்தான் விட்டார். மாதம் 200 யூரோவுக்கு மேல் மிச்சம் என்று சொல்கிறார்.

7. மெஷின் முன்னால்

முதல் முறை பகலில் போங்கள், வெளிச்சத்தில் எழுத்தைப் படிக்க முடியும். முகப்பில் கார்டைச் செருகும் படம் இருக்கும். சிப் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அந்தப் படம் காட்டும். திரையில் வரும் சொற்கள் இவ்வளவுதான்:

"ஆல்டர்ஸ்ப்ரூஃபுங்" என்றால் வயதுச் சோதனை. அன்றிரவு நான் பார்த்த சொல் இதுதான். "கார்ட்டே ஐன்ஃப்யூரன்" என்றால் கார்டைச் செருகு. "கார்ட்டே எண்ட்நேமன்" என்றால் எடு. "கெல்ட்ர்யூக்காபே" என்பது காசைத் திரும்பத் தரும் பொத்தான். "பாஸண்ட்" என்ற சொல் எங்காவது தெரிந்தால், சரியான சில்லறை போடு, மீதி வராது என்று அர்த்தம். அந்தச் சொல்லைப் பார்த்தால் பெரிய நோட்டை நீட்டாதீர்கள்.

கார்டைச் செருகி, திரை சொல்லும்வரை இழுக்காதீர்கள். அவசரமாக இழுத்தால் சோதனை தோற்றுவிடும், கார்டில் குறை என்று நினைத்துக்கொள்வீர்கள். சரியென்றதும் காசு போட்டு, பிராண்டின் பொத்தானை அழுத்துங்கள். சோதனை ஒரு பாக்கெட்டுக்கும் கொஞ்ச நேரத்துக்கும்தான் செல்லும். சில்லறையைத் தேடிக்கொண்டு நின்றால் மறுபடி முதலிலிருந்து. எல்லா மெஷினிலும் கார்டில் பணம் கட்ட முடியாது. ஒன்று, இரண்டு யூரோ நாணயங்களைப் பையில் வைத்திருங்கள்.

ஜிரோகார்டும் ஏற்கப்படவில்லையா? வேறொரு மெஷினில் ஒரு முறை முயலுங்கள். அங்கே வேலை செய்தால் முதல் மெஷினின் கோளாறு. இரண்டிலும் நடக்கவில்லை என்றால் சிப்பில் குறி இல்லை. வங்கிக்குப் போய் அதையே சொல்லி மாற்றுக் கார்டு கேளுங்கள். காசை விழுங்கிவிட்டால், மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் நிறுவனத்தின் தொலைபேசி எண்ணையும் மெஷின் எண்ணையும் படமெடுங்கள், தேதி, நேரம், தொகையோடு அனுப்புங்கள். எனக்கு 8 யூரோ இரண்டு வாரத்தில் கணக்குக்கு வந்தது.

8. கார்டை யாருக்கும் கொடுக்காதீர்கள்

தங்குமிடத்தில் பதினேழு வயதுப் பையன் "அண்ணா, ஒரு நிமிடம் கார்டு" என்பான். கொடுக்காதீர்கள். சட்டப்படி தண்டம் உங்களுக்கு, வங்கி விதிப்படியும் தவறு, அதற்கு மேல் அவன் உடம்பு. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

தொலைந்தால் உடனே 116 116 என்ற எண்ணுக்கு அழைத்து முடக்குங்கள். ஜெர்மனிக்குள் இலவசம், எந்த நேரமும். வெளிநாட்டிலிருந்து முன்னால் +49 சேர்க்க வேண்டும். திருட்டு என்றால் காவல் நிலையத்திலும் சொல்லி, கூனோ முறையில் முடக்கச் சொல்லுங்கள். கையெழுத்து மட்டும் போட்டுப் பணம் கட்டும் கடைகளில் 116 116 முடக்கம் வேலை செய்யாது, கூனோதான் தடுக்கும்.

வீடு மாறினால் நகர அலுவலகத்தில் சொன்ன கையோடு வங்கியிலும் சொல்லுங்கள். காலாவதியாகும் கார்டுக்குப் பதிலாக வரும் புதுக் கார்டு பழைய முகவரிக்குப் போய், 3ஆவது படியில் சொன்ன கதை திரும்ப நடக்கும்.

9. வங்கிக் கவுன்டரில் சொல்ல இரண்டு வாக்கியம்

ஜெர்மன் வராதவர்கள் இதைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிட்டுப் போனேன், புரிந்துகொண்டார்கள்.

"இஷ் ம்யோஷ்டெ ஐன் ஜிரோகோன்டோ மிட் ஜிரோகார்டு எர்யோஃப்னன்." ஜிரோகார்டோடு ஒரு நடப்புக் கணக்குத் திறக்க விரும்புகிறேன்.

"ஹாட் டி கார்ட்டே தஸ் யூகெண்ட்ஷுட்ஸ்மெர்க்மால் ஆவுஃப் டேம் சிப்?" இந்தக் கார்டின் சிப்பில் வயதுக் குறி இருக்கிறதா?

இரண்டாவது கேள்விக்கு "யா" என்று பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.